தஞ்சாவூருக்கு வராத 15 டிகிரி

சிமுலேஷன் மென்பொருளைத் திறந்து, ஒரு விமானத்தைத் தஞ்சாவூர் ஓடுபாதையில் நிறுத்தி, வளிமண்டலப் பகுதியில் எதையும் தொடாமல் விட்டால் மென்பொருள் தானாகவே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறது. அந்த நாளில் தஞ்சாவூரின் வெப்பநிலை 14.6 டிகிரி. காற்றில் ஈரம் அறவே கிடையாது. சித்திரையோ மார்கழியோ, நண்பகலோ நடுநிசியோ, அதே 14.6தான். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 15 டிகிரி, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குறைவு என்ற கணக்கில் வந்த எண் அது.

வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் பிரிந்து ஓடும் பூமி இது. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும் மாதங்களில் துணி காய்வதே பெரும்பாடு. ஈரமே இல்லாத ஒரு நாளை இந்த ஊர் கண்டதில்லை. ஆனாலும் இறுதியாண்டு மாணவர்களின் ட்ரோன்களும் ராக்கெட்டுகளும் கணினித் திரையில் பெரும்பாலும் இந்த இல்லாத நாளில்தான் பறக்கின்றன. அறிக்கையில் தள்ளுவிசை, இழுவிசை, எரிபொருள் எல்லாம் மூன்று தசம இடம்வரை இருக்கும். எந்தக் காற்றில் பறந்தது என்ற வரி மட்டும் இருக்காது.

அந்த இல்லாத நாளுக்குத் திட்ட வளிமண்டலம் என்று பெயர். பொறியாளர்கள் ஐ.எஸ்.ஏ. என்பார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பிரான்ஸில் துசேன் என்பவர் உயரம் கூடக் கூட வெப்பம் நேர்கோட்டில் குறைவதாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி 15, 6.5 என்ற இரண்டு எண்களைத் தந்தார். 1925இல் அமெரிக்க விமானவியல் ஆலோசனைக் குழு அதையொட்டி அட்டவணைகளை வெளியிட்டது. 1952இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் திட்ட வளிமண்டலத்தை ஏற்றுக்கொண்டது. 1976இல் அமெரிக்கா வெளியிட்ட திட்ட வளிமண்டலம் 1,000 கிலோமீட்டர் உயரம்வரை போகிறது. அதன் கீழ்ப்பகுதி ஐ.எஸ்.ஏ.வேதான். கடல்மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், அடர்த்தி கனமீட்டருக்கு 1.225 கிலோ. 11 கிலோமீட்டரில் வெப்பநிலை மைனஸ் 56.5 டிகிரி. அங்கிருந்து 20 கிலோமீட்டர்வரை அது மாறுவதே இல்லை. இது 45ஆம் வடக்கு அட்சரேகையை ஒட்டிய நாடுகளின் ஆண்டுச் சராசரி. தஞ்சாவூர் இருப்பது 10.8ஆம் அட்சரேகையில்.

இதைச் சொன்னவுடன், அயல்நாட்டான் காற்றை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபப்படத் தோன்றலாம். அது நியாயமில்லை. திட்ட வளிமண்டலம் இல்லாமல் விமானத் தொழிலே நடக்காது. மே மாதத்தில் பெங்களூரில் சோதித்த எஞ்சினையும் டிசம்பரில் துலூஸில் சோதித்த எஞ்சினையும் எப்படி ஒப்பிடுவது? இரண்டையும் ஒரே பொது நாளுக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். வானத்தில் விமானங்கள் மோதாமல் இருப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. உயரப் பறக்கும் எல்லா விமானங்களின் உயரமானிகளும் 1013.25 என்ற ஒரே எண்ணுக்கு வைக்கப்படுகின்றன. உயரமானி உண்மையில் அளப்பது அழுத்தத்தை. அதை உயரமாக மாற்றுவது திட்ட வளிமண்டலம். டெல்டாவுக்கு மேலே 36,000 அடி என்று காட்டும் விமானம், இங்குள்ள காற்று வெதுவெதுப்பாக உப்பி நிற்பதால், உண்மையில் ஏறத்தாழ 600 மீட்டர் கூடுதல் உயரத்தில் பறந்துகொண்டிருக்கும். அதற்குக் கீழே போகும் விமானமும் அதே போக்கில் தவறாகக் காட்டுவதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவதில்லை. எல்லாரும் ஒரே தவறைச் செய்தால் பாதுகாப்பு கிடைக்கும் அபூர்வமான இடம் இது. நான் இதை மனிதர்கள் கூடி எடுத்த அழகான முடிவுகளில் ஒன்றாகவே நினைக்கிறேன்.

சிக்கல், பொதுக்கணக்குக்கென வைத்த அளவை ஊரின் நிலவரமாக எடுத்துக்கொள்ளும்போது வருகிறது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காடு என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல் அந்த விதிக்கு இணங்குவதில்லை. விவசாயிகள் 22 விழுக்காடுவரை தளர்த்தக் கேட்பார்கள், மத்தியக் குழு வந்து களத்தில் மாதிரி எடுத்துக்கொண்டு போகும். அளவுகோலே வேண்டாம் என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை. எங்கள் களத்து நெல்லை வந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறார்கள். சிமுலேஷன் செய்பவரிடம் நான் கேட்பதும் அதுவே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மே மாதப் பிற்பகல், வெப்பநிலை 40 டிகிரி, நிலையத்தில் அழுத்தம் 998 ஹெக்டோபாஸ்கல், நீராவியின் பங்கு 25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் இது ஒன்றும் விசேஷமான நாள் அல்ல. காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.10 கிலோ வருகிறது. ஐ.எஸ்.ஏ. அதே இடத்துக்குச் சொல்வது ஏறத்தாழ 1.22. பத்தில் ஒரு பங்கு காற்று குறைவு. இறக்கையைப் பொறுத்தவரை விமானம் நிற்பது 60 மீட்டர் உயரத்தில் அல்ல, திட்ட வளிமண்டலத்தின் 1,100 மீட்டரில், பெங்களூருக்கும் மேலே. அதே தூக்குவிசைக்குத் தரைமேல் 5 விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டும். எஞ்சின் வெப்பத்தில் பலம் குறைவது தனி. இரண்டும் சேர்ந்து ஓடுபாதையில் வேண்டிய தூரத்தை நீட்டுகின்றன. 1940ஆம் ஆண்டு போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த தஞ்சாவூர் விமானதளத்தில் 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 விமானங்களின் 222ஆம் அணி இருக்கிறது. அங்கே பறப்பவர்கள் அன்றன்றைய வெப்பத்துக்கான அட்டவணையைப் பார்க்காமல் ஓடுபாதையில் கால் வைக்க மாட்டார்கள். கல்லூரிக் கணினி அறையில்தான் 15 டிகிரி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

சரி, குளிர்காலத்தில்? மார்கழி விடியல், 22 டிகிரி, 1006 ஹெக்டோபாஸ்கல், ஈரம் நிறைந்த காற்று என்று எடுத்தாலும் அடர்த்தி 1.18க்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறது. பனி கொட்டும் காலையிலும் நம் காற்று ஐ.எஸ்.ஏ.வை எட்டவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழை இது. ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்து சரியாகிவிடும் வகையல்ல.

ஈரத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புழுக்கமான நாளில் காற்று கனத்துக் கிடப்பதாக உடம்புக்குத் தோன்றும். உண்மை நேர்மாறானது. நீர் மூலக்கூறின் எடை 18, உலர்காற்றின் சராசரி 29. ஈரம் சேரச் சேரக் காற்று லேசாகிறது. மேலே போட்ட மே மாதக் கணக்கில் ஏறத்தாழ 1 விழுக்காட்டை நீராவி மட்டுமே குறைத்தது. திட்ட வளிமண்டலம் முற்றிலும் உலர்ந்தது என்பதால் பல மென்பொருள்களில் ஈரப்பதத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. 1 விழுக்காடு சின்ன எண்தான். ஆனால் மாணவர் மூன்று தசம இடம் எழுதும் விடையில் அது அந்த இடங்களையே அசைக்கும்.

ஒலியின் வேகமும் இதே கதைதான். 15 டிகிரியில் நொடிக்கு 340 மீட்டர். 40 டிகிரியில் 355. மாக் எண்ணைக் கணக்கிடும் எந்தச் சிமுலேஷனுக்கும் இந்த 4 விழுக்காடு முக்கியம். இதை நம் மண்ணில் 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அளந்து காட்டியிருக்கிறார். சென்னை வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம், 1820, 1821ஆம் ஆண்டுகளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை சுடும் பீரங்கிகளின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி, கூடவே வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரமானி அளவுகளையும் குறித்துவைத்தார். மாதத்துக்கு மாதம் ஒலியின் வேகம் மாறுவது அந்த அட்டவணையில் தெரிந்தது. 1823இல் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. ஐரோப்பிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சென்னைக் காற்றைச் சென்னையில் அளப்பது என்று அவர் முடிவு செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்து, பலரும் செய்யும் ஒட்டுவேலை. வெப்பநாடு என்றால் ஐ.எஸ்.ஏ.வோடு 15 அல்லது 20 டிகிரியைக் கூட்டிவிடுவது. ஜேஎஸ்பிசிம் போன்ற திறந்தமூல மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஓடுபாதைக் கணக்குக்கும் தாழப் பறக்கும் ட்ரோனுக்கும் இது போதும். உயரப் போனால் இது உதவாததோடு கெடுதலும் செய்கிறது. ஏனென்றால் நம் வானம் கீழே மட்டும்தான் வெப்பமானது.

ஐ.எஸ்.ஏ.வில் காற்று 11 கிலோமீட்டரோடு குளிர்வதை நிறுத்திவிடுகிறது. நம் வானத்தில் அது 16, 17 கிலோமீட்டர்வரை குளிர்ந்துகொண்டே போகிறது. அங்கே மைனஸ் 80 டிகிரியை ஒட்டி வரும். பூமியின் தாழ்வளிமண்டலத்தில் மிகக் குளிர்ந்த காற்று துருவத்தின் மேலே இல்லை, நம் தலைக்கு மேலே இருக்கிறது. இதை 1929இல் நேச்சர் இதழில் தெளிவாக எழுதியவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதன். சி.வி. ராமனோடு வேலை செய்தவர், பிறகு இந்திய வானிலைத் துறைக்கு வந்தவர், பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். பலூன்களில் ஏறி இறங்கிய அளவுகளைத் தொகுத்து, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் குளிர்ந்த காற்று ஒரு தட்டையான வளையம்போலக் கிடக்கிறது என்று அவர் காட்டினார். இன்று வெப்பமண்டல வானிலைப் பாடநூல்களில் வரும் செய்தி அது. விமானவியல் மாணவர்களின் கையில் இருக்கும் அட்டவணைக்குள் மட்டும் அது நுழையவில்லை.

இதன் விளைவு வேடிக்கையானது என்று சொல்ல மாட்டேன், ஆழமானது. தரையில் நம் காற்று ஐ.எஸ்.ஏ.வை விட 10 விழுக்காடு லேசு. 8 கிலோமீட்டரில் வெப்பமண்டல வளிமண்டலமும் ஐ.எஸ்.ஏ.வும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி. 17 கிலோமீட்டரில் நம் காற்று ஐ.எஸ்.ஏ.வை விட ஏறத்தாழ 19 விழுக்காடு கனம். கீழே லேசு, நடுவில் சமம், மேலே கனம். எந்த ஒற்றை எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் இந்த வளைவு வராது. 20 டிகிரியைக் கூட்டினால், கீழே சரியாகும். மேலே வெப்பநிலையில் ஏற்கெனவே இருந்த பிழை இன்னும் பெரிதாகும். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளத்திலிருந்து கிளம்பும் ராக்கெட்டைத் திரையில் ஏவிப் பார்க்கும் மாணவர், 17 கிலோமீட்டரில் அது சந்திக்கும் இழுவிசையை ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகத் தவறவிடுகிறார். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் காட்டாது. கணக்கு முறை பிழையற்றது. காற்று வேறு ஊர்க் காற்று.

இதற்கான மருந்தும் இங்கேயே தயாரானது. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. அதை இந்திய விண்வெளியின் தொடக்கம் என்று கொண்டாடுகிறோம். அதற்குப் பிறகு 1970களில் அங்கிருந்து சோவியத் எம்-100 வானிலை ராக்கெட்டுகள் வாரந்தோறும் ஏவப்பட்டன. அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செய்தித்தாளில் படம் வராத, வாராவாரம் ஒரே மாதிரி நடக்கிற வேலை. அந்த அளவுகளையும் பலூன் அளவுகளையும் கொண்டு விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் சசியும் சென்குப்தாவும் 1979இல் தரையிலிருந்து 80 கிலோமீட்டர்வரை இந்தியப் பகுதிக்கான நிலநடுக்கோட்டு வளிமண்டல மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். தென்னிந்தியாவின் மேலே பறப்பனவற்றுக்கு நியாயமான தொடக்கம் 1976இன் அமெரிக்க அட்டவணை அல்ல, இந்த வகை மாதிரிதான். பொறியியல் பாடத்திட்டத்தில் இதற்கு இரண்டு வகுப்பாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

டெல்டாவுக்கு இன்னும் பக்கத்தில் காரைக்கால் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் பலூன் நிலையம் அங்கே உண்டு. பலூனில் கட்டிய ரேடியோசோண்டே கருவி ஏறும் வழியெல்லாம் அழுத்தம், வெப்பம், ஈரம், காற்றின் திசை, வேகம் எல்லாவற்றையும் கீழே அனுப்புகிறது. காலை ஏற்றத்துக்கு உலகம் முழுவதும் பொதுவாக வைத்திருக்கும் நேரம் நம் கணக்கில் 5:30 மணி. அந்த அளவுகள் பூட்டிய அலமாரியில் இல்லை. உலகத்துப் பலூன் அளவுகளைத் திரட்டித் தரும் அமெரிக்க வயோமிங் பல்கலைக்கழகத்தின் தொகுப்பில் 43346 என்ற நிலைய எண்ணின் கீழ் காரைக்காலைப் பார்க்கலாம். தஞ்சாவூருக்கும் காரைக்காலுக்கும் அட்சரேகையில் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் கீழே ஓரிரண்டு கிலோமீட்டரில் வேறுபாடு இருக்கும். பிற்பகல் கடற்காற்று காரைக்காலைத் தொடும் நேரம் வேறு, தஞ்சையைத் தொடும் நேரம் வேறு. அதற்கு மேலே போனால் இரண்டும் ஒரே வானம்.

இந்த அளவுகளை மென்பொருளில் ஏற்றும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். வெப்பநிலையை மட்டும் மாற்றி, அழுத்தத்தையும் அடர்த்தியையும் ஐ.எஸ்.ஏ.விலேயே விட்டுவிடும் பழக்கம் முதலாவது. வெப்பம் மாறினால் மேலே உள்ள காற்றுத்தூணின் எடை அடுக்கும் மாறும். தரை அழுத்தத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அடுக்காக அழுத்தத்தைக் கணக்கிட்டுக்கொண்டு போய், வாயுச் சமன்பாட்டில் அடர்த்தியைப் பெற வேண்டும். இல்லையென்றால் மூன்றும் மூன்று வெவ்வேறு வானங்களைச் சேர்ந்தவையாக இருக்கும். இன்னொன்று சராசரி. பத்தாண்டு மே மாதங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால், நாளுக்கு நாள் மேலும் கீழும் நகரும் அந்தக் கூர்மையான குளிர்முனை மழுங்கிப்போகும். கிடைப்பது மறுபடியும் எந்த நாளிலும் இல்லாத ஒரு வானம். வடிவமைப்புக்கு அந்தச் சராசரி வேண்டும்தான். அதோடு ஒரு கடும் வெயில் நாளையும், நடந்து முடிந்த ஒரு குறிப்பிட்ட நாளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏவுநாள் காற்றைப் பலூன் விட்டு அளந்து அதற்கேற்ப ராக்கெட்டின் வழியைத் திருத்துவது நம் விண்வெளித் துறையின் வழக்கம். எவ்வளவு நல்ல மாதிரி கையில் இருந்தாலும் அன்றைய காற்றை அன்று பார்க்காமல் அவர்கள் நகர்வதில்லை.

பலூன் 30 கிலோமீட்டருக்கு முன்பின்னாக வெடித்துவிடும். அதற்கு மேலே தும்பா மாதிரியோ எம்எஸ்ஐஎஸ் போன்ற உலக மாதிரியோ தேவை. அது தனிக் கணக்கு, இங்கே விட்டுவிடுகிறேன்.

மருந்து தெளிக்கும் ட்ரோன்களை விட மனம் வரவில்லை. டெல்டா வயல்களில் இப்போது அவை பறக்கின்றன. ஒரே இடத்தில் மிதந்து நிற்க வேண்டிய திறன் காற்றின் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும். 10 விழுக்காடு லேசான காற்றில் 5 விழுக்காடு கூடுதல் திறன். அந்த அளவுக்குப் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பத்து லிட்டர் மருந்தோடு கிளம்பி வரப்பு திரும்பும் ட்ரோனுக்கு அது பறக்கும் நேரத்தைக் குறைக்கும் விஷயம். அதைவிட முக்கியமானது கடைசி சில பத்து மீட்டர். தெளிந்த இரவுக்குப் பிறகு விடியலில் வயலை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேல் உள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது நுண்துளிகள் மேலே கலைந்து போகாமல் படுக்கையாகவே நகர்ந்து பக்கத்து வயலுக்கும் குடியிருப்புக்கும் போகும். ஐ.எஸ்.ஏ.வில் 11 கிலோமீட்டர்வரை உயரம் கூடினால் வெப்பம் குறையும் என்பது மாறாத விதி. இந்தத் தலைகீழ் அடுக்கு அதற்குத் தெரியவே தெரியாது. ஐ.எஸ்.ஏ. காற்றில் ஓட்டிய தெளிப்புச் சிமுலேஷனை நம்பி, மருந்து வரப்பைத் தாண்டாது என்று ஒருவர் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். நீங்களும் ஏற்க வேண்டாம்.

தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சென்னையிலும் வானூர்திப் பொறியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐ.எஸ்.ஏ.வை எடுத்துவிடச் சொல்லவில்லை. முதல் ஓட்டம் அதில்தான் இருக்க வேண்டும். உலகத்தோடு ஒப்பிட அது ஒன்றுதான் வழி. அடுத்த ஓட்டத்தைக் காரைக்கால் பலூன் அளவுகளில் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு விடைகளையும் அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். வளிமண்டலத்தின் பெயரும் தேதியும் இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.